கோழியின் கை விழவில்லை

சலவை ஆலையில் அவனுக்குக் கோழி என்று பேர் வைத்தது யாரென்று யாருக்கும் நினைவில்லை. ஏன் வைத்தார்கள் என்பது மட்டும் எல்லோருக்கும் தெரியும். நின்றுகொண்டே தூங்குவான். ஆஸ்பத்திரிகளிலிருந்தும் லாட்ஜுகளிலிருந்தும் மூட்டை மூட்டையாக வரும் பெட்ஷீட்டுகள் துவைத்து முடிந்ததும் அவனிடம் வரும். இரண்டு முனையையும் இழுத்துப் பிடித்து இஸ்திரி உருளையின் வாயில் வைத்தால், அது லபக்கென்று இழுத்துக்கொள்ளும். அடுத்த ஷீட்டை எடுக்கும் முன் மூன்று மூச்சு விடலாம். அந்த மூன்று மூச்சில் கோழி ஒரு குட்டித் தூக்கம் போட்டு எழுந்துவிடுவான். பதினேழு வருடத்தில் ஒரு விரலைக்கூட உருளைக்குக் கொடுத்ததில்லை. கண்ணை அகல விரித்துக்கொண்டு வேலை பார்த்த இரண்டு பேர் கொடுத்திருக்கிறார்கள்.

இந்தக் கணக்கெல்லாம் சூப்பர்வைசரிடம் எடுபடாது. அவர் இடுப்பில் பட்டப்பகலிலும் ஒரு டார்ச் தொங்கும். எவன் கண் செருகினாலும் கிட்டே வந்து முகத்துக்கு நேராக அடிப்பார். அதனால் அவர் பேரே டார்ச். கோழிக்கு அவர் ஏற்கெனவே இரண்டு மெமோ கொடுத்தாகிவிட்டது. மூன்றாவது வந்தால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். நாற்பத்தாறு வயதில், ஆவியில் வெந்து தோல் தடித்த இரண்டு கையை வைத்துக்கொண்டு எங்கே போய் நிற்பது?

இந்த நேரத்தில்தான் முதலாளிக்கு ரத்த அழுத்தம் ஏறியது. யாரோ சொல்லித் தியானம் கற்றுக்கொண்டார், கொஞ்சம் இறங்கியது. தனக்குக் கிடைத்த நல்லது தொழிலாளிக்கும் கிடைக்கட்டும் என்று நினைத்தார். சம்பளத்தில் அப்படி நினைத்ததில்லை. தியான டீச்சரை ஆலைக்கே அழைத்து வந்துவிட்டார்.

டீச்சர் ஒல்லியான பெண்மணி, குரல் மட்டும் கனம். சாப்பாட்டு இடைவேளை முடிந்ததும் எல்லோரையும் கம்பளி அடுக்கும் மூலையில் படுக்கச் சொன்னார்.

"தூக்கம் வந்தா விரட்டாதீங்க. அதுக்குன்னு உள்ளயும் போயிடாதீங்க. வாசப்படியிலயே உக்காந்துக்குங்க. அந்த எடத்துலதான் மனசு அடங்கும். முழங்கைய ஊனி, கைய மேல நிறுத்தி வச்சுக்குங்க. தூக்கம் ஜெயிச்சா கை விழும், நீங்க முழிச்சுக்குவீங்க."

முப்பது கைகள் எழுந்தன. ஒன்றுக்குப் போகணும் என்று வகுப்பில் கை தூக்கிய பிள்ளைகள் மாதிரி இருந்தது. இரண்டே நிமிடத்தில் சோளத் தட்டை சாய்வது போல ஒவ்வொன்றாய்ச் சாய்ந்தன. யாரும் முழித்துக்கொள்ளவில்லை. காலை ஐந்து மணி ஷிப்டுக்கு வந்தவனைக் கை விழுந்தா எழுப்பும்? கூரை விழுந்தால்தான் உண்டு.

ஒரே ஒரு கை மட்டும் நட்டு வைத்த கொம்பு மாதிரி நின்றது. அது கோழியின் கை.

டீச்சருக்குப் புல்லரித்துவிட்டது. "நான் ஆறு வருஷம் பாடுபட்டேன். இவருக்குத் தானா வந்திருக்கு!"

"தானா வந்தது தூக்கம்தாங்க மேடம்," என்றார் டார்ச். "இவன் ஒத்தக் கால்லயே தூங்குவான். கைய நிறுத்துறதா பெருசு?"

பக்கத்தில் நின்றிருந்த முதலாளி யோசித்தார். "நாளைக்கு இதே நேரம் இவன் மட்டும் அரை மணி நேரம் படுக்கட்டும். நீ பக்கத்துல உக்காந்து பாரு. அந்த நேரத்துல சுத்தி என்ன நடந்துச்சுன்னு அப்புறம் நான் கேப்பேன். சொன்னா தியானம். சொல்லலேன்னா..."

"மெமோ ரெடியா இருக்கு சார்," என்று டார்ச் முடித்து வைத்தார்.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு நடக்கும்போது மனைவி விடவில்லை. அவளும் அதே ஆலையில் துணி மடிக்கும் மேஜையில் நிற்பவள். மூட்டையைப் பிரிக்கும்போதே எந்த ஷீட்டில் ரத்தம், எதில் மீன் குழம்பு என்று மோந்து சொல்லுபவள். புருஷன் பொய் அவளுக்கு எம்மாத்திரம்.

"உள்ளதச் சொல்லுங்க. தூங்கினீங்களா, இல்லியா?"

"தெரியல."

"அதென்ன தெரியல?"

"சத்தமெல்லாம் கேக்குது. ஆனா செத்துப்போன எங்கப்பாவும் வந்து பேசுறாரு. எது இங்க நடக்குது, எது அங்க நடக்குதுன்னு பிரிச்சுப் பாக்க முடியல."

"உங்கப்பா வந்ததையெல்லாம் மொதலாளிகிட்ட ஒளறி வைக்காதீங்க," என்றாள்.

மறுநாள் கோழி கம்பளி மூலையில் படுத்து, முழங்கையை ஊன்றிக் கையை நிறுத்தினான். டார்ச் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். அப்போதுதான் டிரையரிலிருந்து வந்த கம்பளிகள் அவர் தோளுக்குப் பக்கத்தில் சுடச்சுட அடுக்கியிருந்தன. வெளியே வெயில், உள்ளே டிரையர்களின் ஒரே சீரான உறுமல், வயிற்றில் மத்தியானச் சாப்பாடு. பத்தடி தள்ளி மடிக்கும் மேஜையில் பெண்கள் குரலை அடக்கிக்கொண்டு வேலை பார்த்தார்கள். அந்த மேஜைக்கு அது புதுசு.

கோழிக்கு முதலில் கால் மறைந்தது. அப்புறம் இடுப்பு. கை மட்டும் எங்கேயோ உயரத்தில் யாருடையதோ மாதிரி நின்றது. பயம்கூடச் சற்று நேரத்தில் விலகிப் போய் உட்கார்ந்துகொண்டது. சத்தங்கள் மட்டும் வந்து வந்து போயின.

அரை மணி கழித்து முதலாளியும் டீச்சரும் மாடியிலிருந்து இறங்கிய செருப்புச் சத்தத்தில் டார்ச் துள்ளி எழுந்தார்.

"குறட்டை சார்! காது கிழிஞ்சிடுச்சு!"

கோழி கண்ணைத் திறந்தான். கை அப்படியே நின்றது.

"சொல்லுப்பா," என்றார் முதலாளி. "என்ன நடந்துச்சு?"

"மூணாவது டிரையர் ஒரு தடவ நின்னு, திரும்ப ஓடுச்சு சார். லாரி ஒண்ணு பின்னால வந்துச்சு, செவுத்துல லேசா இடிச்சுது. டிரைவர் யாரையோ திட்டினாரு."

"செவுத்துல இடிச்சானா?" முதலாளி வாசல் பக்கம் திரும்பினார். மூட்டை தூக்குபவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். அது யாருக்கும் தெரியாமல் போயிருக்க வேண்டிய விஷயம்.

"அப்புறம்?"

"ஏதோ பொத்துன்னு விழுந்து உருண்டுச்சு. அப்புறம் குறட்டை. சார் சொல்றது சரிதான் சார், குறட்டை கேட்டுச்சு. என்னோடதாத்தான் இருக்கும்."

டார்ச் நெஞ்சை நிமிர்த்தினார். மேஜையில் மனைவி கண்ணால் அதட்டினாள். ஆனால் கோழிக்குப் பொய் கோத்துச் சொல்ல வராது. அதற்கெல்லாம் தூக்கம் தெளிந்த மூளை வேண்டும்.

"எங்கப்பா வந்து கதவச் சாத்துடான்னாரு சார். அது கனவு. கடைசில ஒரு சின்னப் புள்ள அழுதுச்சு. 'அம்மா, நான் தூங்கலம்மா, சத்தியமா தூங்கலம்மா, அடிக்காதம்மா'ன்னு. அதுவும் கனவுதான். அங்கன நான் தூங்கிட்டேன்னு நெனைக்கிறேன் சார். ஒத்துக்கிறேன்."

டார்ச் பையில் கையை விட்டு மெமோவை எடுத்தார். எடுத்த கை பாதியில் நின்றது. ஏனென்றால் மடிக்கும் மேஜையில் வெடி வெடித்த மாதிரி சிரிப்பு கிளம்பிவிட்டது. ஒருத்தி ஷீட்டை வாயில் திணித்துக்கொண்டாள். இன்னொருத்தி மேஜைக்கு அடியிலேயே போய்விட்டாள்.

"என்னம்மா சிரிப்பு?" முதலாளி அதட்டினார்.

"ஒண்ணுமில்ல சார்," என்றாள் கோழியின் மனைவி, கண்ணைத் துடைத்துக்கொண்டே. "அந்தச் சின்னப் புள்ளைக்கு மீசை இருக்கு."

முதலாளி திரும்பி டார்ச்சைப் பார்த்தார். வலது கன்னத்தில் கம்பளியின் கட்டம் ஒன்று விடாமல் பதிந்திருந்தது. இடுப்பில் டார்ச் இல்லை. அது தள்ளுவண்டிச் சக்கரத்துக்கு அடியில் உருண்டு கிடந்தது.

"சார், ஒரு நிமிஷம் கண் அசந்து..." என்று இழுத்தார். மூட்டை தூக்கும் தடியன் ஒருவன், "அடிக்காதம்மா," என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தான். அவனுக்கே பாவமாகிவிட்டது போல, நிறுத்திக்கொண்டான்.

டீச்சர் மட்டும் சிரிக்கவில்லை. "இவரு கனவுன்னு நெனைச்சது நிஜமா நடந்திருக்கு. அப்பாவும் வந்திருக்காரு, லாரியும் வந்திருக்கு. வாசப்படின்னா ரெண்டு பக்கத்து ஆளுங்களும்தான் வருவாங்க. இதத்தான் நான் சொன்னேன்."

முதலாளி மெமோவை வாங்கி நான்காக மடித்தார். யார் பேரை எழுதலாம் என்று கேட்பது போல டார்ச்சை ஒரு பார்வை பார்த்துவிட்டு, தன் பையில் போட்டுக்கொண்டு மாடியேறினார்.

ஷிப்டு முடிந்து உடை மாற்றும் இடத்தில் டார்ச் வந்து நின்றார். குரல் இறங்கியிருந்தது.

"கோழி, அந்தக் கை எப்படிய்யா விழாம நிக்குது?"

"மொதல்ல டார்ச்சக் கீழ வச்சிட்டுப் படுங்க சார். மத்ததெல்லாம் தானா வரும்."

வீட்டுக்கு நடக்கும்போது மனைவி நல்ல குஷியில் இருந்தாள். திருப்பத்தில் நின்று அவன் சட்டையைப் பிடித்தாள்.

"டிரையர் நின்னது கேட்டுச்சு, லாரி இடிச்சது கேட்டுச்சு. அதுக்கு நடுவுல, பக்கத்துல இருந்த அக்காகிட்ட நான் ஒண்ணு சொன்னேனே. இவரு இன்னிக்கு மட்டும் தப்பிச்சாருன்னா, இனிமே வீட்டுத் துணியெல்லாம் இவருதான் தொவைக்கணும்னு. அது கேட்டுச்சா, இல்லியா?"

கோழி கொட்டாவி விட்டான். நிதானமாக, வாய் நிறைய.

"கேட்டுச்சு," என்றான். "அதக் கனவுன்னு விட்டுட்டேன்."