பன்னிரண்டு பக்கங்கள்

அப்பாவின் இடது கன்னத்தைச் சவரம் செய்து முடித்து, முகத்தை மெதுவாக வலது பக்கம் திருப்பும்போது அக்கா கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள்.

"தம்பி, லைப்ரரியன் சார் வந்திருக்காரு."

ரேசர் அப்படியே நின்றது.

"எந்த லைப்ரரியன்?"

"நமக்கு எத்தனை லைப்ரரியன்டா? அப்பாவோட பெரிய சார்தான். எண்பது வயசுல கம்பு ஊனிக்கிட்டு பஸ்ல வந்திருக்காரு, பாவம். அப்பாவை எடுக்கறதுக்கு முன்னாடி அவரைப் பத்தி ரெண்டு வார்த்தை பேசணுமாம். உன்னை ஒரு வார்த்தை கேட்டுட்டுப் பேசறேங்கறாரு."

இருபத்தொன்பது வருடமாக அவன் பயந்துகொண்டிருந்தது இந்த ஒரு மனிதரின் இரண்டு வார்த்தைகளுக்குத்தான்.

"உள்ளே வரச் சொல்லுக்கா. கதவைச் சாத்திடு."

வெளியே வாடகை நாற்காலிகளில் கல்லூரியே உட்கார்ந்திருந்தது. பிரின்ஸ்பால், சக ஆசிரியர்கள், மாணவர்கள். அத்தனை பேரும் அவனுக்காக வந்தவர்கள். இலக்கியப் பேராசிரியர். 'கனவான்' என்று அவன் எழுதிய புத்தகம் ஏழு பதிப்பு கண்டிருந்தது. கதைகளில் வரும் கனவான் எப்படி நடப்பான், எங்கே பேசுவான், எங்கே வாயை மூடிக்கொள்வான் என்று நானூறு பக்கம். மாணவர்கள் அவனுக்கு வைத்திருந்த பெயர் 'ஜென்டில்மேன் சார்'. அந்தப் பெயர் அவன் காதில் விழும்போதெல்லாம் கேட்காதவன் போல நடந்துபோவான். அதையும் அடக்கம் என்றே நினைத்துக்கொண்டார்கள்.

அந்தப் புத்தகத்தின் விதை ஒரு கட்டுரைப் போட்டி. மாணவனாக இருந்தபோது எழுதியது. தேவையான நூல் நூலகத்துக்குள்ளேயே படிக்க வேண்டியது, வீட்டுக்குத் தரமாட்டார்கள். மறுநாள் கடைசித் தேதி. அப்பா அதே நூலகத்தில் பைண்டர். தையலில் கத்தி படாமல் பழுதான தாளை எடுக்க அப்பாவுக்கு ஒரு வழி இருந்தது. பருத்தி இழையை நனைத்துத் தாளின் அடிமடிப்பில் படுக்கவைத்து, புத்தகத்தை மூடிவிடுவார். கொஞ்ச நேரம் கழித்து இழுத்தால் தாள் சத்தமே இல்லாமல் கையோடு வந்துவிடும். சின்ன வயதில் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறான்.

அன்று அவனும் அப்படியே எடுத்தான். பன்னிரண்டு பக்கம். பக்கத்து மேஜையில் இருந்தவன் தலையைக்கூடத் தூக்கவில்லை.

கட்டுரைக்கு முதல் பரிசு.

நூலகர் உள்ளே வந்தார். கட்டிலருகே நின்று அப்பாவின் கையைத் தொட்டார். பசை காய்ந்து தடித்த விரல்கள்.

"வலது பக்கம் பாக்கி இருக்கே தம்பி. முடிங்க. அரைகுறை வேலை இவருக்குப் பிடிக்காது."

அவன் சவரத்தைத் தொடர்ந்தான்.

"அந்தப் பன்னிரண்டு பக்க விஷயம் உங்களுக்குத் தெரியும்ல?"

"ம்."

"அதைத்தான் இன்னைக்குச் சொல்லப்போறேன்."

ரேசர் அப்பாவின் தாடையில் வழுக்கியது. நல்லவேளை, வெட்டவில்லை.

"தப்பா நினைக்காதீங்க. பெருமையாத்தான் சொல்வேன். புத்தகத்துல மிஞ்சின தாளோட ஓரம் பஞ்சு மாதிரி பிரிஞ்சிருந்துச்சு. கத்தி போட்டா அப்படி வராது. அந்த வித்தை கட்டடத்துலயே ஒரே ஆளுக்குத்தான் தெரியும். எல்லாரையும் வச்சுக்கிட்டு, 'யாருய்யா பண்ணது?'ன்னு கேட்டேன். அது என் தப்பு, தனியாக் கேட்டிருக்கணும். உங்க அப்பா அந்த ஓரத்தை விரலால தடவிப் பார்த்தாரு. அரை நிமிஷம் இருக்கும். 'நான்தான் சார்'னாரு. ஏன், எதுக்கு, ஒண்ணும் கிடையாது. ஒத்துக்கறதுக்கும் ஒரு தரம் வேணும் தம்பி. அதுதானே ஜென்டில்மேன்?"

அந்த அரை நிமிடத்தில் அப்பாவின் விரல் யாரைக் கண்டுபிடித்தது என்பது அவனுக்குத் தெரியும்.

அதற்குப்பின் அப்பா பைண்டிங் மேஜைக்குத் திரும்பவேயில்லை. வாசலில் பைகளை வாங்கி வைக்கும் கவுண்டரில் உட்காரவைத்தார்கள். ஓய்வு பெறும்வரை, பதினோரு வருடம். அவனும் தினமும் நூலகத்துக்குப் போவான். அப்பா டோக்கனை நீட்டுவார், அவன் வாங்கிக்கொள்வான். இருவரும் அதைப் பற்றி ஒரு நாள்கூடப் பேசியதில்லை. பழியை ஏற்றுக்கொண்ட அன்று மாலை அப்பா கேட்டது ஒன்றே ஒன்றுதான். "பரிசு என்னைக்குத் தராங்க?" பரிசு விழாவுக்கு இஸ்திரி போட்ட சட்டையில் வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்து கைதட்டினார்.

அவன் ரேசரைக் கிண்ணத்தில் போட்டான். துண்டால் அப்பாவின் முகத்தைத் துடைத்தான்.

"சார், அதைச் சொல்லாதீங்க."

"ஏன் தம்பி?"

"எடுத்தது அவர் இல்லை. நான்."

சொல்லிவிட்டான். மூச்சு சுலபமாக வந்தது. கிழவர் கத்தட்டும். கம்பால் அடிக்கட்டும். வெளியே போய் எல்லாரிடமும் சொல்லட்டும்.

நூலகர் கண்ணாடியைக் கழற்றினார். கண் கலங்கியிருந்தது.

"இப்படித்தான் சொல்வீங்கன்னு எனக்குத் தெரியும்."

"சார்?"

"அப்பா பேர்ல ஒரு கறைகூட இருக்கக் கூடாதுன்னு நீங்க வாங்கிக்கப் பாக்கறீங்க. உங்க புத்தகத்தை ரெண்டு தடவை படிச்சவன் தம்பி நான். கனவான் அடுத்தவன் அவமானத்தைத் தூக்கிச் சுமப்பான்னு எழுதினீங்களே. வெறும் எழுத்து இல்லைன்னு இப்பத்தான் பாக்கறேன்."

"இல்ல சார், நிஜமாவே நான்தான்..."

"சரி, அப்ப அந்தப் பக்கமெல்லாம் எங்க?" கிழவர் சிரித்தார். குழந்தையிடம் விளையாட்டுக்குக் கேட்பதுபோலக் கேட்டார்.

மாடியில். பீரோவில் மூன்றாவது தட்டில், பிளாஸ்டிக் உறைக்குள். கிழிக்கவும் மனம் வரவில்லை, திருப்பித் தரவும் தைரியம் வரவில்லை. பதினாறு படி. ஏறி இறங்க ஒரு நிமிடம் போதும்.

கதவுக்கு அந்தப் பக்கம் பிரின்ஸ்பால் இருமினார். யாரோ ஒரு மாணவன் நாற்காலி இழுத்துப் போட்டான்.

"அது... அப்பவே போயிடுச்சு சார்."

"பாத்தீங்களா!" கிழவர் அவன் தோளைத் தட்டினார். "பொய் சொல்லக்கூட உங்களுக்கு வரலையே தம்பி."

வெளியே போய்க் கம்பை ஊன்றி நின்றார். அவனும் பின்னால் வந்தான். கூட்டம் அமைதியானது.

"பைண்டர் வாழ்க்கையில ஒரே ஒரு தப்பு பண்ணாரு. என்ன தப்புன்னு நான் சொல்லமாட்டேன். ஏன்னா இப்ப உள்ளே இவர் பையன் அதைத் தன் தலையில போட்டுக்கறேன்னு என்கிட்ட மன்றாடினாரு. அப்பா ஜென்டில்மேன். பிள்ளை அவரையே மிஞ்சிட்டாரு. அவ்வளவுதான்."

பிரின்ஸ்பால் எழுந்துவந்து அவன் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். மாணவிகளில் ஒருத்தி அழுதாள். அவன் தலைகுனிந்துகொண்டான். அதுவும் பார்க்க அழகாகத்தான் இருந்திருக்கும்.

அக்கா அவன் முழங்கையைப் பிடித்து உள்ளே இழுத்தாள்.

"அப்பா என்னடா தப்பு பண்ணாரு?"

"இப்ப வேணாம்க்கா."

"எனக்குத் தெரியாம என்னடா? யாரையும் ஒரு வார்த்தை அதட்டினவர் இல்லையே. வேலையில ஏதாவதா? அதனாலதான் வாசல்ல உக்கார வச்சாங்களா? நான் கேட்டப்போ முதுகு வலின்னு சொன்னாரேடா?"

"பழசுக்கா. விட்டுடு."

அக்கா திரும்பி அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். காலையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த பார்வை அது இல்லை. அவர் சட்டைக் காலரைச் சரிசெய்தாள்.

நான்கு மணிக்கு வேன் வந்தது. அப்பாவை ஏற்றினார்கள். நெருங்கியவர்கள் உட்கார இரண்டு பக்கமும் பலகை போட்டிருந்தது. நூலகர் ஒரு கையில் கம்பை ஊன்றிக்கொண்டு, தானாக மூடிக்கொள்ளப் பார்த்த வேன் கதவை இன்னொரு கையால் பிடித்து நின்றார்.

"நீங்க ஏறுங்க சார்" என்றான் அவன்.

"உங்களுக்கு அப்புறம்தான் தம்பி."

பின்னால் எல்லாரும் காத்திருந்தார்கள். அவன் குனிந்து ஏறினான்.