ஃபியூஸ் கட்டை

சமரச அறைக்குள் வந்த தம்பி உட்காரவில்லை. நாற்காலியைத் தூக்கி அண்ணன் மேல் வீசினான். அண்ணன் எழுந்து அவன் கழுத்தைப் பிடித்துச் சுவரோடு சேர்த்து நெரித்தான். காவலர்கள் பிரிப்பதற்குள் இருவர் சட்டையிலும் ரத்தம்.

மரம் அறுக்கும் பட்டறை இருவருக்கும் பொது. ஒருநாள் வாய்ச்சண்டை முற்றியிருந்த நேரத்தில், தம்பி ரம்பத்தில் சிக்கிய சிராயை எடுத்துக்கொண்டிருக்க, அண்ணன் இயந்திரத்தை ஓடவிட்டான். இரண்டு விரல்கள் மரத்தூளில் விழுந்தன. தம்பியின் மச்சான்கள் வந்து அண்ணனின் முன்பற்களை உடைத்தார்கள். வேண்டுமென்றே கையை அறுத்தான் என்று தம்பி வழக்குப் போட்டான். இந்தப் பேச்சும் முறிந்தால் அண்ணனுக்குச் சிறைதான்.

சமரசம் பேச வந்த அம்மாள் உடைந்த நாற்காலியை ஓரமாக வைத்தார். தான் தீர்ப்புச் சொல்ல வரவில்லை என்றார். இவர் கதையை அவர், தானே இவராக நின்று சொல்ல வேண்டும். கேட்பவர் சரி அல்லது தப்பு என்று மட்டும் சொல்லலாம்.

அண்ணன் தொடங்கினான். காற்றுதான் வந்தது.

"முதல்ல பல்லைக் கட்டிட்டு வரச் சொல்லுங்க" என்றான் தம்பி.

அண்ணன் விடவில்லை. "இல்லாத விரல் தூக்கத்துல வலிக்குது. உளியைப் பிடிக்க முடியல. எம்பொண்ணு என் கையைப் பாத்துப் பயப்படுது."

தம்பி தரையைப் பார்த்துக்கொண்டே "சரி" என்றான்.

தம்பியின் முறை வந்தது. ரம்பத்தில் கை வைப்பவன், மின்சாரம் வராதபடி ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கி இடுப்பில் செருகிக்கொள்வது அவர்கள் வழக்கம். கையை வெளியே எடுத்த பிறகுதான் மற்றவனிடம் கட்டையைக் கொடுப்பான்.

"சிராயை எடுத்துக்கிட்டே தம்பி என்னைத் திட்டினான். கோவத்துல இடுப்புல இருந்ததை உருவி என் மூஞ்சியில எறிஞ்சான். புருவம் கிழிஞ்சு கண்ணெல்லாம் ரத்தம். எதுவும் தெரியல. தடவி எடுத்தா, ஃபியூஸ் கட்டை." அவன் குரல் இறங்கியது. "கட்டை வந்துட்டா கையும் வெளிய வந்தாச்சுன்னு அர்த்தம். அதான் மாட்டினேன்."

"சரி" என்றான் அண்ணன். தம்பிக்கே இது தெரியாதா என்ன என்றுதான் அவன் இத்தனை நாள் வாய் திறக்காமல் இருந்தான்.

தம்பி தண்ணீர் பாட்டிலை எடுத்தான், விரல் போன கையால் மூடியைத் திருக முடியவில்லை. அண்ணன் அதை வாங்கித் திறந்து அவன் உள்ளங்கையில் வைத்தான். கடவுள் இப்படித்தான் சத்தமில்லாமல் ஓர் அறைக்குள் வருகிறார்.

"நானும் அன்னைக்குக் கையில குடுத்திருக்கணும்ணே" என்றான் தம்பி. பிறகு அந்த அம்மாளிடம், வழக்கை விட்டுவிடுவதாகச் சொன்னான்.