திறக்காத பெட்டி

பஞ்சவர்ணம் அப்பாவின் கால் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்தபோது வாசலில் சைக்கிள்கள் வந்து நின்றன. முடிச்சை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் நிமிர்ந்தாள். தங்கவேல் இறங்கிக்கொண்டிருந்தார். கேரியரில் பச்சைக் கொடி மடித்துச் செருகியிருந்தது. சற்றுத் தள்ளி அருள்தாஸ், நீலக் கொடியோடு. எதிரிலிருந்த ஆவடி தொழிற்சாலையின் இரண்டு சங்கங்களும் ஒரே வீட்டுக்கு வந்தது அந்தத் தெருவுக்குப் புதிது.

அப்பா வேம்புலி அந்தத் தொழிற்சாலை வாசலில் பதினெட்டு வருடம் பதிவேடு எழுதியவர். ஒன்பது மாதத்துக்கு முன் ஒரு வரைபடச் சுருள் காணாமல் போய், டில்லியிலிருந்து விசாரிக்க ஆட்கள் வந்தார்கள். சுருள் காணாமல் போன அன்று மாலை பாதுகாப்பு அதிகாரியின் ஜீப்பில் ஒரு தகரப்பெட்டி வெளியே போயிருந்தது. பதிவேட்டில் அதற்கு நேரே, சோதித்தாயிற்று என்று வேம்புலியின் கையெழுத்து. அதிகாரி திருடர், ஆளுங்கட்சி காப்பாற்றுகிறது என்றது தங்கவேலின் சங்கம். அவரைப் போல யோக்கியர் கிடையாது, எதிர்க்கட்சி கதை கட்டுகிறது என்றது அருள்தாஸின் சங்கம். டீக்கடை பெஞ்சுகள்கூட இரண்டாகப் பிரிந்தன. இரண்டு பக்கமும் வேம்புலியின் வாயைத்தான் பார்த்தன.

அவர் சொன்னது யாருக்கும் உதவவில்லை. சங்கு ஊதினால் இரண்டாயிரம் பேர் வாசலில் நெருக்குவார்கள் என்பதால், அதிகாரிகளின் வண்டிகளுக்கான பதிவேட்டு வரியை ஐந்து நிமிடம் முன்பே எழுதி முடித்துவிடுவது குமாஸ்தாக்களின் வழக்கம். எல்லோரும் செய்ததுதான். பெட்டியைத் திறக்கவே இல்லை, திறந்ததாக எழுதினேன் என்று அவர் மட்டும் ஒப்புக்கொண்டார். சஸ்பெண்டு ஆனார். அதற்குப் பிறகு வாசலில் காவலாளிகள் சோற்று டப்பாவைக்கூடத் திறந்து பார்த்தார்கள். தொழிலாளிகள் அதற்கும் அவரைத்தான் திட்டினார்கள். இன்று காலை பல் துலக்கும்போது மார்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர், பிறகு எழவில்லை.

தங்கவேல் மாலையைப் போட்டார். அவர் துக்கம் பொய்யில்லை. பிறகு அவளைத் தண்ணீர்த் தொட்டி ஓரமாக அழைத்தார்.

"பாப்பா, அடுத்த வாரம் விசாரண முடியுது. பொட்டில சுருள் இருந்துச்சுன்னு நைனா ஊட்ல சொன்னாருன்னு எழுதிக் குடு. வாரிசு வேல உனுக்கு வாங்கித் தர்றது என் பொறுப்பு."

அதற்குள் அருள்தாஸ் வந்துவிட்டார்.

"பொட்டி காலின்னு அண்ணன் என்னாண்டயே சொல்லிகீறாரும்மா. அத எழுது. மேல எல்லாம் நம்ம ஆளுங்க. ஒரே மாசத்துல வேல."

"சாவு ஊட்ல வந்து பொய் பேசாத, அருளு."

"நீ மட்டும் இன்னா, துக்கம் கேக்கவா வந்தே?"

தலைமாட்டில் உட்கார்ந்திருந்த அம்மா எல்லம்மாவுக்கு எல்லாம் காதில் விழுந்தது. மகளையே பார்த்தாள். அந்த வீட்டில் சம்பளம் வாங்க இனி ஆள் இல்லை. பஞ்சவர்ணமும் அவளைப் பார்த்தாள். அம்மா அப்பாவின் நெற்றியிலிருந்த ஈயை விரட்டினாள்.

"நைனா அத பாக்கல, மாமா. பாக்காத பொட்டில இன்னா இருந்துச்சுன்னு நான் எப்டி எழுதுவேன்?" அருள்தாஸ் பக்கம் திரும்பினாள். "காலின்னும் எழுத மாட்டேண்ணே. பாக்கலன்னு சொன்னதுக்குத்தான் ஒம்போது மாசம் ஊட்லயே குந்திகினு இருந்தாரு."

"அப்ப வேல?" என்றார் தங்கவேல்.

"டைப் பாஸ் பண்ணிகீறேன். அம்பத்தூர்ல இல்லாத கம்பெனியா?"

அவளே தொடர்ந்தாள். மேனாம்பேட்டிலிருந்து சித்தப்பா ஒருவர்தான் வந்திருக்கிறார், அவரும் கொள்ளிச்சட்டி எடுக்க வேண்டும், தூக்க ஆள் போதாது என்றாள்.

"ரெண்டு பேரும் தோள் குடுங்க. கொடி சைக்கிள்லயே இருக்கட்டும்."

மூன்று மணிக்கு எடுத்தார்கள். முன்பக்கம் வலது தோள் தங்கவேல், இடது தோள் அருள்தாஸ். உயரம் ஒத்துவராமல் பாடை கொஞ்சம் சாய்ந்தது. தங்கவேல் முழங்காலை மடக்கி நடந்தார்.

பெண்கள் தெருமுனையில் நின்றுவிட்டார்கள். பாடை பெரிய ரோட்டில் ஏறியதும், தொழிற்சாலை வாசலிலிருந்து காவலாளி ஒருவன் தொப்பியைக் கழற்றிக்கொண்டு ரோட்டைக் கடந்து வந்தான். தூக்கியவர்கள் நின்றார்கள். பக்கத்து வீட்டுத் திருவேங்கடம் பொரிப் பையை அவனிடம் நீட்டினார்.

பழக்கத்தில் அவன் பையின் வாயை இரண்டு கையாலும் விரித்து உள்ளே பார்த்தான். பிறகு ஒரு கை அள்ளித் தூவினான்.