உறங்கும் கிழங்குக்கு நீர் வார்த்தவர்

கீழ்வானம் மெல்லச் சிவக்க, மழை கண்டு பல திங்கள் கழிந்த அந்நகரின் ஓட்டுக் கூரைகளும் மதில்களும் முன்னாளின் வெம்மையை இன்னும் விடாது பற்றியிருக்க, மாடிகளில் உலர்ந்த ஆடைகள் அசைவற்றுத் தொங்கிய அவ்விடியலில், ஒரு வீட்டின் பின்புறத் தோட்டத்தில் மட்டும் பூவாளியின் நீரோசை இடையறாது கேட்டுக்கொண்டிருந்தது.

தமிழின்பம் நுகரும் நண்பரே, அந்நீரை வார்த்தவர், ஊருக்கெல்லாம் பெருநீர்த்தொட்டியைத் திறந்துவிடும் பணியிலேயே தம் வாழ்நாளைக் கழித்து, முதுமையில் இடக்கை சோர்ந்து மகன் வீட்டை அடைந்த ஒரு முதியவர். மகனோ கப்பலில் உழைப்பவன். வீட்டில் அவருக்குத் துணை, தையல் தொழில் செய்யும் மருமகளே. பூவாளியை இடக்கையால் சுமந்து நடந்தால் கை மீளும் என்று மருத்துவர் உரைத்திருந்தார்.

அத்தோட்டத்தில் மருமகள் போற்றி வளர்த்தவை பூவிஞ்சிகள். இஞ்சிக் குலத்தவையாயினும் உணவுக்கன்றி, இளஞ்சிவப்புப் பூக்கதிர்களின் அழகுக்காகவே வளர்க்கப்படுபவை. மழைக்காலம் நீங்கியதும் இலைகள் பழுத்துச் சாய, கிழங்குகள் மண்ணுக்குள் உறங்கும்; அப்போது ஈரம் அவற்றுக்கு நஞ்சு.

"மாமா, அது காயல, தூங்குது. செம்பருத்திக்கு ஊத்துங்களேன்" என்றாள் ஒருநாள்.

"செம்பருத்தி நல்லாத்தாம்மா இருக்கு. இதுங்கதான் தவிக்குது. என் கண்ணெதிர எதுவும் தண்ணியில்லாம சாகக்கூடாது."

அவரைத் தடுத்தால் பயிற்சியின்றிக் கை வீழும். தடுக்காவிடில் கிழங்கு அழுகும். இரண்டையும் காப்பேன் என்று உறுதி பூண்டாள் அவள். அவர் கண்ணயர்ந்த நண்பகலில், அதற்குள் சில ஈரத்தால் மென்மை தட்டியிருந்த கிழங்குகளை அகழ்ந்து, மண் உதிர்த்து, உலர்மணல் நிரப்பிய பெட்டியில் இட்டுத் தையற்பொறியின் அடியில் மறைத்தாள். அதை அறியாத முதியவரோ வெறுமண்ணுக்கு வார்த்து வந்தார்.

ஒரு மாலை, மண்ணைக் கொத்திவிட எண்ணிக் குனிந்தவர், கொத்திய இடமெல்லாம் வெறுமையே கண்டு நிமிர்ந்தார்.

"கிழங்கு எங்கம்மா?"

"பெட்டியில இருக்கு மாமா."

"அப்போ இத்தனை நாளா வெறும் மண்ணுக்கா ஊத்தினேன்? என்னைச் சின்னப் பிள்ளையாக்கிட்டியே!"

அன்று இறக்கிவைத்த பூவாளியை அவர் மீண்டும் தொடவில்லை. உணவின்போதும் சாளரத்தை நோக்கியவாறே இருந்தார்; இடக்கை மடியில் பிறர் பொருள்போல் கிடந்தது. கண்டு கலங்கினாள் மருமகள். எனினும் கலக்கத்தோடு நின்றுவிடாது, பெட்டியை இழுத்துவந்து அவர் நாற்காலியின் முன் வைத்தாள்.

"மறைச்சது தப்புதான் மாமா. திட்டுறதை அப்புறம் திட்டுங்க. அழுகினதை இப்பவே வெட்டி எடுக்கணும். ஆளுக்கு ஒரு கத்தி."

"ஒரு கையால எப்படிம்மா வெட்டுறது?"

"இடக்கையால பிடிச்சுக்கோங்க."

"பொல்லாத பொண்ணும்மா நீ" என்று முனகினாராயினும், அவர் இடக்கை விரல்கள் கிழங்கில் நழுவி, மீண்டும் பற்றின. கத்தி இறங்கியதும் கரிய அழுகலின் நாற்றம் எழுந்தது.

"இது என் தண்ணியாலயா?"

மெல்லிய பொய்யொன்று அவள் நாவின் நுனிவரை வந்தது. அதை விழுங்கி, அவர் கண்ணை நேரே நோக்கி, "ஆமா மாமா" என்றாள்.

அழுகிய துண்டை ஒதுக்கிவைத்தார் முதியவர். பின், "தூங்குறவன் வாயில தண்ணிய ஊத்தியிருக்கேன், பாவம், அவன் என்ன செய்வான்?" என்று கசப்பாய்ச் சிரித்து, "சரி, அடுத்ததை எடு" என்றார்.

வெட்டுவாயில் சாம்பல் பூசுவதும், காற்றாட வைப்பதும், நாள்தோறும் ஒவ்வொன்றாய்த் திருப்பி மென்மை தட்டுகிறதா என்று இடக்கை விரலால் அழுத்திப் பார்ப்பதும் அதன்பின் அவர் பணியாயின. மழை வந்தது, இருவரும் சேர்ந்தே நட்டனர். பல முளைத்தன, சில முளைக்கவேயில்லை. அவர் கையும் முழுதாய் மீளவில்லை. ஆயினும் சட்டைப் பொத்தானைத் தாமே மாட்டிக்கொள்ளும் அளவுக்கு மீண்டது.

கொடுப்பது போலவே கொடாது காத்திருப்பதும் அன்பேயாம், நண்பரே. ஆயின் அன்புக்குரியவரிடம் அதை ஒளித்துச் செய்தல் எளிது. முகம் நோக்கிச் சொல்லி, அவர் படும் துயரில் உடனிருந்து செய்தலே அரிது.