விகாரையில் விட்ட வண்டி

சங்வியனுக்கு ஊரில் கஞ்சன் என்று பெயர். அவரைக் கேட்டால் அது வசவில்லை, பட்டம் என்பார். சந்தைக்கு அனுப்பும் வாத்து முட்டைகளில் கீறல் விட்டவற்றை மட்டும் தனியே பொறுக்கி எடுத்து, வீட்டில் அன்றைக்கு அதைத்தான் பொரிக்கச் சொல்வார். சொந்தத் தம்பியின் கல்யாணத்துக்குக் கூடத் தன் பிக்கப் வண்டியைக் கொடுக்காதவர். அப்பேர்ப்பட்ட மனுஷர் இரண்டு விமான டிக்கெட் வாங்கிவிட்டார் என்ற செய்தி ஆங் தோங் சந்தையில் பரவியபோது, மீன்காரி செதில் சீவுவதை நிறுத்திவிட்டு, "யாருக்காவது உடம்பு சரியில்லையா?" என்று கேட்டாள்.

உடம்பெல்லாம் நன்றாகத்தான் இருந்தது. காரணம் மகள் மாலிவான். சிக்கன விமான நிறுவனம் ஒன்றில் பணிப்பெண்ணாகச் சேர்ந்து ஒரு வருஷம் ஆகிறது. அடுத்த மாதம் முதல் அவளை வெளிநாட்டு விமானங்களுக்கு மாற்றுகிறார்கள். ஒசாகாவுக்கும் சியோலுக்கும் வாத்து முட்டை விற்றுப் போய்வர முடியாது. திங்கட்கிழமை விடியற்காலை, தென்கோடி நகரமான ஹட் யாய்க்குப் போகும் முதல் விமானத்தில் தனக்கு வேலை என்று அவள் போனில் பேச்சோடு பேச்சாகச் சொன்னாள். அவள் சொன்னது சும்மா. ஆனால் அவளுடைய அம்மா புன்சி அதைச் சும்மா விடுகிற ஆளில்லை.

"ஒரே ஒரு தடவ, அவ அந்த உடுப்ப மாட்டிக்கிட்டு நடந்து வர்றத நான் நேர்ல பாக்கணும். இந்தத் தடவ விட்டா அப்புறம் இல்ல. அவகிட்ட சொல்லாம போயி உக்காந்துக்கணும்" என்றாள் புன்சி.

சங்வியன் பேரம் பேசாமல் "சரி" என்றார். அவருக்கும் அதே ஆசைதான். ஆசைப்பட்டால் செலவாகும் என்று இத்தனை நாள் வாயைத் திறக்காமல் இருந்தார், அவ்வளவுதான். ஹட் யாயில் புன்சியின் சித்தி மகள் வீடு இருந்தது. திரும்பி வருவதற்கு மலிவான டிக்கெட் மூன்று நாள் கழித்துத்தான் கிடைத்தது. அதையும் வாங்கியாயிற்று.

விமானம் பிரச்சினையில்லை. விமானம் வரைக்கும் போவதுதான் பிரச்சினை. சந்தையோரத்து நூடுல்ஸ் கடையில் இதற்கென்றே ஒரு பஞ்சாயத்து கூடியது.

"வேன்ல போயிடுண்ணே. நேரா ஏர்போர்ட்டு வாசல்ல எறக்கி விடுவான்."

"மொத வேன் கெளம்புறதே விடிஞ்சப்புறம். நான் போய்ச் சேர்றப்ப பிளேன் ஹட் யாய்ல நின்னு மூச்சு வாங்கிக்கிட்டிருக்கும்."

"அப்ப முந்தின நாளே அயுத்தயா போயி ரயிலேறிடு. ஏர்போர்ட்டுலயே ஒரு ஓரமா படுத்துக்க. காசே கெடையாது."

காசே கிடையாது என்ற வார்த்தையைக் கேட்டதும் சங்வியனின் முகம் மலர்ந்தது. புன்சி அதை அங்கேயே கருக்கினாள். "எம்பொண்ணு பூ மாதிரி வந்து நிப்பா. நான் தரையில உருண்டு எந்திரிச்ச மூஞ்சியோட அவ முன்னாடி நிக்கணுமா? வேணும்னா நீ போயி உருளு."

வாடகைக் கார் கேட்ட பணத்துக்கு இன்னொரு முறை ஹட் யாய் போய் வரலாம். சரி, சொந்த வண்டியிலேயே போகலாம் என்றால், விமான நிலையத்தில் மூன்று நாள் நிறுத்த ஓர் ஆள் டிக்கெட் விலை ஆகும்போலிருந்தது. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பது இதுதான். சங்வியன் சூப்பைக் கூடக் குடிக்காமல் உட்கார்ந்திருந்தார்.

கடைக்காரர்தான் வழி சொன்னார். "ஏர்போர்ட்டுக்கு எதிர்ப்புறம் ஒரு விகாரை இருக்கு. எல்லாரும் அங்கதான் வண்டிய விடுறாங்க. நடைமேம்பாலம் ஏறி எறங்கினா ஏர்போர்ட்டு. உண்டியல்ல உங்களுக்குத் தோணுறதப் போட்டா போதும்."

"தோணுறதா!" என்றார் சங்வியன்.

"போச்சு. சங்வியனுக்கு ஒண்ணுமே தோணாதே, விகாரை கதி என்னாகுறது?" என்றாள் மீன்காரி. கடையே சிரித்தது. சங்வியனும் சிரித்தார். அவர் மனசு ஏற்கெனவே மேம்பாலத்தில் ஏறிக்கொண்டிருந்தது.

இத்தோடு விட்டிருந்தால் அவர் சங்வியன் இல்லை. முன்கூட்டியே பார்த்துவிட்டு வருகிறேன் என்று ஒரு நாள் வண்டியை எடுத்துக்கொண்டு போனார். விகாரையின் மரநிழல், வண்டி நிறுத்தும் இடம், மேம்பாலத்தின் படிகள் எல்லாவற்றையும் பார்த்தார். விசில் ஊதிக்கொண்டிருந்த காவலாளியிடம், "திங்கக்கிழம விடியுமுன்ன வந்தா எடம் இருக்குமா?" என்று கேட்டார். "எந்தத் திங்கக்கிழமையும் இருக்கும் மாமா" என்றான் அவன். போய்வந்த டீசல் செலவைப் புன்சி கணக்குக் கேட்டபோது காது கேளாதவர்போல வாத்துகளுக்குத் தவிடு போடப் போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை வண்டியை இரண்டு தடவை கழுவினார். வாத்து நாற்றம் முக்கால்வாசி போயிற்று. புன்சி அடுப்படியில் உட்கார்ந்து, ஒட்டரிசியை இலையில் பொதிந்து, இலை நுனியை நீளமாக வால்போல விட்டுப் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தாள். பிக்குகளின் மழைக்கால நோன்பு முடிந்த மறுநாள் காலையில் அவர்களுக்கு இடுவதற்கென்று வருஷத்துக்கு ஒரு முறை செய்வது அது. மாலிவானுக்கு உயிர்.

"நாளைக்கு நம்மூரு விகாரைக்கு நான் போக முடியாது. அதான் தங்கச்சிகிட்ட குடுத்துவிட்டேன். மிச்சம் நம்ம பொண்ணுக்கு" என்றாள்.

"நெறைய கட்டு" என்றார் சங்வியன். அவர் கண்ணெதிரே அத்தனை பொட்டலம் கிடந்தது. அவள் காதருகே 'விகாரை, விகாரை' என்று அவர் வாரம் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். அவளுக்குத் திதி தெரியும், வண்டி நிறுத்துவது பற்றிக் கவலையில்லை. அவருக்கு வண்டி நிறுத்தும் இடம் தெரியும், திதி பற்றிக் கவலையில்லை. முப்பது வருஷம் ஒரே பாயில் படுத்தும் இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துப் பார்க்க ஆளில்லாமல் போயிற்று.

இருட்டோடு கிளம்பினார்கள். சாலை காலியாகக் கிடந்தது. புன்சி பூப்போட்ட புதுச் சட்டையில் நிமிர்ந்து உட்கார்ந்து, "அவ நம்மளப் பாத்ததும் கத்திடுவாளோ?" என்று கேட்டாள். சற்று நேரம் கழித்து, "கத்தினா வேலைய விட்டுத் தூக்கிடுவாங்களோ?" என்று அவளே பயந்தாள். பிறகு தானாகச் சிரித்தாள். நகரம் நெருங்க நெருங்க, தலைக்கு மேலே சிவப்பு விளக்கு சிமிட்டிக்கொண்டு ஒரு விமானம் தாழ்ந்து போனது. சங்வியன் ஸ்டியரிங்கின் மேல் குனிந்து அதைப் பார்த்தார்.

விகாரையின் வாசலில் கயிறு கட்டியிருந்தது.

உள்ளே ஒரு வண்டி இல்லை. விளக்கு வெளிச்சத்தில் வளாகம் முழுக்கப் பாய் விரித்து, மேசை போட்டு, பூச்சாடி வைத்துக்கொண்டிருந்தார்கள். வெள்ளைச் சட்டை போட்ட ஜனங்கள் கூடை கூடையாகச் சோறும் பழமும் வால்வைத்த பொட்டலமுமாக வந்து இடம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். புன்சி தன் மடியிலிருந்த பையைப் பார்த்தாள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஐயையோ. இன்னைக்கா! இங்கயும் இன்னைக்குத்தானே!"

"பின்ன, உங்க ஊருக்கு மட்டும் தனி நெலாவா?" என்று பதில் வந்தது. கையில் ஒலிபெருக்கியோடு ஒரு பருத்த அம்மாள் கயிற்றுக்கு அந்தப்பக்கம் நின்றுகொண்டிருந்தாள். ராம்பை அக்கா, ராம்பை அக்கா என்று நாலு பக்கமும் கூப்பிட்டார்கள். "வண்டி உள்ள வராதுண்ணே. நேத்து விட்டவங்களையே எடுக்கச் சொல்லிட்டோம். நாளைக்கு வாங்க."

"நாளைக்கு வந்து என்ன பண்றது? பிளேன் இப்பல்ல போகுது!" என்றார் சங்வியன்.

"அப்ப ஏர்போர்ட்டுலயே நிறுத்துங்க."

"நிறுத்துறேன்!" என்று கத்தினார். சொன்னவருக்கே ஆச்சரியம். அந்த நிமிஷத்தில் ஒரு டிக்கெட் விலை என்ன, இரண்டு டிக்கெட் விலை கேட்டாலும் கொடுத்திருப்பார்.

"நிறுத்தலாம். ஆனா யூ டர்ன் எங்க இருக்கு தெரியுமா?" ராம்பை சாலையைக் காட்டினாள். பெருஞ்சாலையில் லாரிகள் நெருக்கியடித்துக்கொண்டு ஊர்ந்தன. "அதோ அந்தக் கடைசி வரைக்கும் போயி, திரும்பி, மறுபடி அவ்வளவு தூரம் வரணும். இந்த நேரத்துல லாரிக்காரன் ஒருத்தனும் வழி விட மாட்டான். எத்தன மணிக்குப் பிளேன்?"

சொன்னார். ராம்பை ஒலிபெருக்கியைத் தாழ்த்தினாள். "நடந்து போனாத்தான் பிடிக்கலாம்" என்றாள் மெதுவாக.

எதிரே விமான நிலையத்தின் விளக்குகள் எட்டிப் பிடிக்கிற தூரத்தில் எரிந்தன. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதை. சங்வியன் கதவைத் திறந்து, பையை எடுத்துப் புன்சியின் கையில் வைத்தார்.

"நீ போ. மேம்பாலம் ஏறி எறங்கு. யாரையாவது கேட்டுக்க. நான் வண்டியப் பாத்துக்குறேன்."

"நான் மட்டுமா?"

"யாராவது ஒருத்தராவது பாக்கணுமில்ல? நீதான் ஆசப்பட்ட. போ."

"நான் மட்டுமா ஆசப்பட்டேன்?" புன்சியின் குரல் உடைந்தது. "அவ போட்டோவ யாரு வாத்துக் கொட்டகையில ஒட்டி வச்சிருக்கறது? நானா? வந்தா ரெண்டு பேரும். இல்லாட்டி இந்தப் பாயில உக்காந்து பிச்ச போட்டுட்டு வீட்டுக்குப் போவோம்."

அந்த நேரத்தில் ராம்பையின் போன் அடித்தது. ஒலிபெருக்கியை அணைக்க மறந்தபடியே பேசினாள். "என்னது? டயர் வெடிச்சிருச்சா? ரங்சிட்லயா? அடப்பாவி, இன்னும் கொஞ்ச நேரத்துல சாமிங்க எறங்கி வந்துடுவாங்களே! கெடைக்கிற சோத்தையெல்லாம் நான் தலையிலயா சுமப்பேன்?" வளாகம் முழுக்க அது முழங்கியது. பிக்குகள் வரிசையாக நடக்கையில் பாத்திரம் நிறைந்துகொண்டே போகும். பின்னாலேயே ஒரு வண்டி வந்து வாங்கிக்கொண்டால்தான் வரிசை நகரும். வரவேண்டிய வண்டி வரவில்லை.

போனை மடித்துவிட்டு ராம்பை நிமிர்ந்தாள். சங்வியனின் வண்டியைப் பார்த்தாள். சுற்றி வந்து பின்பக்கத்தைப் பார்த்தாள். முகர்ந்தும் பார்த்தாள்.

"வாத்தா?"

"ரெண்டு தடவ கழுவியிருக்கேன்."

"தார்ப்பாய் விரிச்சுக்குறோம். வண்டி உள்ளயே நிக்கட்டும், ஒரு நாள் என்ன, முப்பது நாள் நிக்கட்டும். ஆனா சாவிய என்கிட்ட குடுத்துட்டுப் போகணும்."

தம்பிக்குக் கொடுக்காத வண்டி. மச்சான் முகம் பார்த்துக் கேட்டும் கொடுக்காத வண்டி. பேர் தவிர ஒன்றும் தெரியாத ஒருத்தி, ஒலிபெருக்கியும் கையுமாகச் சாவி கேட்கிறாள். அந்த வண்டிதான் அவருடைய தொழில், சேமிப்பு, கௌரவம் எல்லாம். காணாமல் போனால் ஊர் சிரிக்கும். ராம்பை கையை நீட்டியபடியே நின்றாள். புன்சி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சங்வியன் சாவியை நீட்டினார்.

"ரெண்டாவது கியரு கொஞ்சம் முரண்டு பிடிக்கும். அதட்டக்கூடாது, மெதுவாப் போடணும். பிரேக்கு எடப்பக்கம் இழுக்கும். ராத்திரியில தென்ன மரத்துக்குக் கீழ நிறுத்தாதீங்க. யாரு ஓட்டப்போறா? நல்லா ஓட்டுவானா?" பெண்ணைக் கட்டிக்கொடுத்த அப்பன் சம்பந்தியிடம் பேசுவதுபோலப் பேசினார். பேசும்போதும் சாவியை விடவில்லை. ராம்பை இழுத்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது.

"ஓடுங்கண்ணே! திரும்பி வரலேன்னா வண்டி புத்தருக்கு!" என்றாள். பிறகு அவசரமாக, "உண்டியல் அந்தப் பக்கம். அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல" என்று கையைக் காட்டினாள்.

சங்வியன் சட்டைப்பையில் கையை விட்டு, வந்த நோட்டை அப்படியே உண்டியலில் திணித்தார். என்ன நோட்டு என்று பார்க்கவில்லை. புன்சி போகிற போக்கில் பாதிப் பொட்டலங்களை அள்ளி முன்வரிசைக் கிழவர் ஒருவரின் கூடையில் போட்டாள். செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டாள். மேம்பாலத்தின் படிகளில் இரண்டு பேரும் ஏறினார்கள், இறங்கினார்கள், வழி கேட்டார்கள், தப்பான வரிசையில் நின்றார்கள், சரியான வரிசைக்கு ஓடினார்கள். பெல்ட்டைக் கழற்று, பையைத் திற என்று சொன்னவர்களுக்கெல்லாம் சங்வியன், "எம்பொண்ணு பிளேன்ல வேல பாக்குறா" என்று பதில் சொன்னார். கேட்காதவர்களுக்கும் சொன்னார். கடைசி ஆட்களாக விமானத்துக்குள் நுழைந்தார்கள்.

வாசலில் கைகூப்பியவள் வேறு பெண். புன்சியின் முகம் விழுந்துவிட்டது. இருக்கையில் உட்கார்ந்து, மூச்சு வாங்கி, எட்டிப் பார்த்தபோது, பின்னால் ஒருத்தி முதுகைக் காட்டிக்கொண்டு மேலே பெட்டி அறைகளைச் சாத்திக்கொண்டிருந்தாள். கொண்டை, கழுத்தில் சின்ன ஸ்கார்ஃப், நேரான தோள். புன்சி கணவரின் தொடையைக் கிள்ளினாள். சங்வியனுக்கு அந்தக் கிள்ளல் தெரியவேயில்லை.

கதவு சாத்தினார்கள். பதிவு செய்த குரல் பேச ஆரம்பித்தது. மாலிவான் இரண்டு வரிசை முன்னால் வந்து திரும்பி நின்று, பெல்ட்டை இரண்டு கையாலும் உயர்த்திப் பிடித்தாள். அப்போதுதான் பார்த்தாள்.

கை அப்படியே நின்றது. குரல் பெல்ட்டை மாட்டச் சொல்லி, கழற்றச் சொல்லி, ஆக்ஸிஜன் முகமூடிக்குப் போய்விட்டது. பெல்ட் இன்னும் அந்தரத்திலேயே இருந்தது. அம்மா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அப்பா பள்ளிக்கூடத்துப் பையன்போல முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தார். மாலிவான் உதட்டைக் கடித்து ஒரு மூச்சு இழுத்தாள். பிறகு விட்டதையெல்லாம் இரட்டை வேகத்தில் பிடித்து, குரலோடு சேர்ந்துகொண்டாள். கண் மட்டும் மின்னியது. சங்வியன் அவளுடைய ஒவ்வோர் அசைவையும் பார்த்தார். கதவுகளைக் காட்டிய அந்தக் கையை, அவர் இதுவரை பார்த்ததேயில்லை என்று தோன்றியது. இத்தனை பேரும் அவர் மகள் சொல்வதற்குக் கட்டுப்பட்டு உட்கார்ந்திருக்கிறார்கள் என்று சுற்றிலும் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

முடிந்ததும் ஒவ்வொரு வரிசையாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். சங்வியனின் பெல்ட் இரண்டு பக்கமும் தொங்கியது.

"போடு" என்று கிசுகிசுத்தாள் புன்சி.

"நீ சும்மா இரு."

"முப்பது வருஷமா வண்டி ஓட்டுற. பெல்ட்டு போடத் தெரியாதா?"

"சும்மா இருன்னேன்ல."

மாலிவான் வந்து நின்றாள். "ஐயா, சீட் பெல்ட்டப் போட்டுக்குங்க" என்றாள். எல்லாரிடமும் பேசுகிற குரல்தான்.

"எப்படின்னு தெரியலையேம்மா. மொதத் தடவ" என்றார் சங்வியன்.

அவள் ஒரு கணம் அவரைப் பார்த்தாள். பிறகு நடைவழியில் முழங்காலிட்டு, பெல்ட்டின் இரண்டு முனையையும் எடுத்து, அவருடைய வயிற்றின் மேல் பொருத்தினாள். வாரைப் பிடித்து இழுத்தாள்.

"போதுமாப்பா?" என்றாள், அவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி.

"இன்னுங் கொஞ்சம்" என்றார் சங்வியன்.