இறக்கையின் மேல் மணல்

ஏழரை மணிச் சங்கு ஊதியபோது மழை விட்டிருந்தது. 1982 ஆகஸ்ட்.

கொட்டகையில் அந்த நீண்ட இறக்கையைத் தலைகீழாகப் பொருத்தியிருந்தார்கள். பறக்கும்போது காற்று மேலே தூக்குவதை, தரையில் மணல் மூட்டைகளை வைத்துக் கீழே அழுத்திப் பார்ப்பார்கள். அறுபதாயிரம் அடிக்கு மேல் ஏறி எல்லையைப் படம் பிடிக்கவும், மேல்காற்றை ஆராயவும் ஒரு விமானம். அங்கே காற்று மெலிவு. இறக்கை நீளமாக, லேசாக இருக்கவேண்டும். நான்கு வருடமாகப் பொறியாளர் வேதாவுக்கு அதுதான் வேலை.

இன்று அது தாங்காவிட்டால் திட்டத்தை மூடிவிடுவார்கள். அதை முடிவு செய்ய டெல்லியிலிருந்து அதிகாரி ஜெகநாதன் வந்து உட்கார்ந்திருந்தார்.

முழுச் சுமையில் நுனி எதுவரை இறங்கலாம் என்று பக்கத்துத் தூணில் வேதா சாக்பீஸால் கோடு போட்டிருந்தாள்.

ஃபோர்மேன் தேவராஜ் ஆட்களோடு மூட்டை அடுக்கினார். உள்ளூர் மெட்டுகுடா ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்தவர்; தமிழில் உருது கலந்து பேசுவார்.

"இன்னிக்கு மூட்டை ஏன் மேடம் இவ்ளோ கனம்? எனக்கு வயசாயிடுச்சா?"

"நேத்து பிரியாணி ஜாஸ்தியாயிருக்கும் அண்ணே."

"ஹவ், ஆமா, அதுவும் இருக்கும்."

முழுச் சுமைக்கு இன்னும் ஒரு வரிசை பாக்கி. அதற்குள்ளேயே நுனி கோட்டைத் தாண்டி இறங்கியது. எங்கோ உள்ளே உலோகம் முனகியது.

"போதும்," என்று ஜெகநாதன் எழுந்தார். "உங்க கணக்கை விட மெத்துனு இருக்கும்மா. இது முறியறதைப் பாக்க நான் இருக்க வேண்டாம்."

வேதா இறக்கையின் பக்கம் போய்க் குனிந்து பார்த்தாள். தகட்டில் சுருக்கம் இல்லை. ஒரு ஆணிகூடப் பிசகவில்லை. அடிமுதல் நுனிவரை ஒரே வளைவு. நிமிர்வதற்காக ஒரு மூட்டையைப் பிடித்தாள். சாக்கு சில்லென்றிருந்தது. உள்ளங்கையில் ஈர மணல் ஒட்டியது.

"அண்ணே, ராத்திரி மூட்டையெல்லாம் எங்கே இருந்துது?"

தேவராஜ் கூரையை அண்ணாந்து பார்த்தார். "அந்த மூலையிலதான். ஓடு ஒழுகுது மேடம், போன மழைக்கே சொன்னேனே."

"தராசு கொண்டு வரச் சொல்லுங்க."

காய்ந்த மணலாக எடைபோட்டுக் கட்டிய மூட்டைகள். இப்போது ஐந்து மூட்டை ஆறின் எடை காட்டியது.

"முழுச் சுமையை ஏற்கெனவே தாண்டியாச்சு சார்," என்றாள் வேதா. "இறக்கை கணக்குப்படிதான் வளைஞ்சிருக்கு."

ஜெகநாதன் தராசு முள்ளையே பார்த்தார். பிறகு உட்கார்ந்தார். "ஒன்றரை மடங்கு தாங்கணுமே?"

"ஏத்துங்க அண்ணே."

ஏற்றினார்கள். நுனி இறங்கிக்கொண்டே வந்தது. கொட்டகைக்குள் இருந்த மூட்டைகள் தீர்ந்தபோது ஒன்றரை மடங்கும் தாண்டியிருந்தது. இறக்கை ஒருமுறை முனகி, அடங்கி, அப்படியே நின்றது.

ஜெகநாதன் எழுந்து வந்து, வளைந்த தகட்டின் மேல் கையை வைத்தார். எடுக்கவில்லை.

தேவராஜ் தோள்துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு வாசலைக் காட்டினார்.

"மேடம், வெளியே இன்னும் ரெண்டு மூட்டை கிடக்கு. நல்லா ஊறினது. அதையும் போடவா?"