நடுவில் நிறுத்திப் பார்ப்பாள்

லக்சனா அழ ஆரம்பித்தால் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தின் பன்னிரண்டு காம்பராவும் எட்டிப் பார்க்கும். ஒரு வயது பத்து மாதம்தான். ஆனால் நினைத்தது நடக்காவிட்டால் அப்படியே பின்பக்கமாகச் சாய்ந்து, சிமெந்துத் தரையில் காலை உதைத்து, முகம் கன்றிப்போகக் கத்துவாள். ரொட்டியைப் பிய்த்துக் கொடுத்தால் ஏன் பிய்த்தாய் என்று அழுகை. முழுசாகக் கொடுத்தால் ஏன் பிய்க்கவில்லை என்று அழுகை. இந்தப் பிள்ளையை எந்த ராசியில் பெற்றாளோ என்று பக்கத்துக் காம்பராக்காரிகள் தலையில் அடித்துக்கொள்வார்கள்.

அவளைப் பெற்ற யோகராணிக்கு மட்டும் அந்த அழுகையின் கள்ளத்தனம் தெரியும். உச்சத்தில் கத்திக்கொண்டிருக்கும்போதே பிள்ளை சட்டென்று இரண்டு மூச்சு நிறுத்துவாள். ஒற்றைக் கண்ணைத் திறந்து, யாராவது பார்க்கிறார்களா என்று பார்ப்பாள். ஆள் இருந்தால் முன்னைவிடச் சத்தமாகத் தொடங்குவாள். "கள்ளி, நடுவுல நிப்பாட்டிப் பாக்குறா பாரு" என்று யோகராணி சிரித்துவிடுவாள். பெற்றவள் சிரித்துவிட்டால் பிள்ளை எப்படி அடங்கும்?

இரண்டாயிரத்து மூன்றாம் ஆண்டு அது. கந்தப்பளைக்கு மேலே உள்ள ஒரு தேயிலைத் தோட்டம். புருஷன் சின்னராசா கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில் இருந்தான். தீபாவளிக்கும் திருவிழாவுக்கும் வருவான். யோகராணி விடிந்ததும் மகளைப் பிள்ளைக் காம்பராவில் விட்டுவிட்டுக் கொழுந்து பறிக்க மலை ஏறுவாள். தாய்மார் வேலை முடித்து வரும்வரை சின்னப் பிள்ளைகளை வைத்துப் பார்க்கிற கட்டடம் அது. பத்து மணித் தேத்தண்ணி நேரத்தில் தாய்மார் ஓடிவந்து பிள்ளைக்குப் பால் கொடுத்துவிட்டுத் திரும்புவது வழக்கம். லக்சனா பால் குடியை மறந்து மூன்று மாதமாகியும் யோகராணி அந்த ஓட்டத்தை விடவில்லை. வருவதில் சந்தோஷம், போவதில் யுத்தம். அவள் படியிறங்கியதும் பிள்ளை தரையில் விழுந்து உருளத் தொடங்கினால் மற்றப் பிள்ளைகளும் கூடச் சேர்ந்துகொள்ளும்.

அங்கே பிள்ளைகளைப் பார்த்தவள் ஜெகதீஸ்வரி. இதே தோட்டத்துப் பெண்தான். சாதாரண தரப் பரீட்சையில் சித்தியடைந்து, நுவரெலியாவில் பயிற்சி எடுத்துவிட்டு வந்தவள். இருபத்திரண்டு வயதானாலும் எல்லாருக்கும் டீச்சர். அவளுக்கு முன்னால் இருந்த ஆயா கிள்ளியும் பூச்சாண்டி காட்டியும் பிள்ளைகளை அடக்கினாள். டீச்சர் ஒரு பிள்ளையைக்கூட அதட்டியதில்லை. பசிக்கும் முன்னே சோறு, கண் சொக்கும் முன்னே பாய். சிவப்புக் கோப்பையா நீலக் கோப்பையா என்று பிள்ளையையே கேட்பாள். கத்திக் கேட்டதைக் கொடுக்க மாட்டாள். ஆனால் கத்தி முடியும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பாள். நல்லவள். அதைச் சொல்லாமல் இந்தக் கதையைச் சொன்னால் பாவம் வந்து சேரும்.

ஒரு ஞாயிறு பின்னேரம் டீச்சர் லயத்துக்கே வந்தாள்.

"அக்கா, கோவிச்சுக்காதீங்க. காலையில நீங்க சொல்லிட்டுப் போறப்ப ஒருக்கா அழுவுறா. அது பரவாயில்ல. பத்து மணிக்கு வந்துட்டுத் திரும்பப் போறீங்க பாருங்க, அதத்தான் அவளால தாங்க முடியல. ஒரு வாரம் பகல் சாப்பாட்டுக்கு மட்டும் வாங்க. அழுகை நாளுக்கு நாள் கொறையும்."

"அவ கத்துறது மலைக்குக் கேக்குமே டீச்சர்."

"கேக்கும். இடையில ஒருக்கா ஓடி வந்தீங்கன்னா, கத்துனா அம்மா வரும்னு படிச்சுக்குவா. அப்புறம் நானும் ஒண்ணும் செய்ய ஏலாது."

யோகராணி தலையாட்டினாள். பிள்ளை வளர்க்கத் தெரியாதவள் என்ற பேர் அவளுக்கு அலுத்துப்போயிருந்தது.

அந்த வாரம் பிள்ளைக் காம்பராவுக்கு நேர் மேலே இருந்த மலையில் வேலை. தகரக் கூரை காலடியில் தெரிந்தது. திங்கட்கிழமை பத்து மணிக்கு மற்றத் தாய்மார் மட்டும் இறங்கி வருவதைக் கண்டதும் லக்சனா தொடங்கிவிட்டாள். யோகராணி ஒரு நிரை கொழுந்து முழுவதும் பறித்து முடிக்கும்வரை அந்த அழுகை ஓயவில்லை. நடுநடுவே இரண்டு மூச்சு நின்று, திரும்ப எழுந்தது. செவ்வாய்க்கிழமை அரை நிரையில் ஓய்ந்தது. புதன்கிழமை பத்துச் செடி. அன்று சாயந்தரம் லக்சனா மடியில் சாய்ந்து படுத்தே கிடந்தாள். சோறு வேண்டாம் என்று முகத்தைத் திருப்பினாளே தவிர, தட்டைத் தள்ளிவிடவில்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளை அவள் கண்ணெதிரே பிஸ்கட்டைத் தின்றபோதும் கை நீட்டவில்லை. டீச்சருக்குக் கோயில் கட்டிக் கும்பிடலாம் என்று யோகராணி நினைத்தாள். எனக்கு அந்த நினைப்பை எழுதவே கை கூசுகிறது.

வியாழக்கிழமை எட்டரைக்கே அழுகை கேட்டது. ஐந்து செடி பறிப்பதற்குள் நின்றுவிட்டது.

"பாத்தியா, அடங்கிருச்சு" என்றாள் அடுத்த நிரையில் நின்ற அம்மாக்கண்ணு.

கொஞ்ச நேரத்தில் மறுபடியும் கேட்டது. மறுபடியும் நின்றது. மூன்றாம் தடவை கேட்டபோது யோகராணியின் கை கொழுந்தின் மேல் நின்றுவிட்டது. அந்த அழுகையில் ஏதோ குறைந்தது. என்னவென்று பிடிபட அவளுக்கு நேரமாகவில்லை. பிள்ளை நடுவில் நிறுத்திப் பார்க்கவில்லை. எழுந்த குரல் ஒரே இழுப்பாகப் போய், அப்படியே அறுந்துபோனது. யாருக்கும் காட்டுவதற்காக அழுத அழுகை இல்லை அது.

அவள் கீழே பார்த்தாள். கூரை மேல் வெயில் அடித்துக்கொண்டிருந்தது.

செல்லசாமிக் கங்காணி நிரையோரமாக வந்தார். வாயைத் திறந்தால் வசவைத் தவிர வேறொன்றும் வராத மனுஷன். அவரே காது கொடுத்துக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "உன் புள்ளதானே? ஒரு எட்டு போய்ப் பாத்துட்டு வா புள்ள. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

"வேணாங்க கங்காணி. டீச்சர் போகக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க. இன்னும் ரெண்டு நாளுதான்."

அவர் விட்டதடா தொல்லை என்று நடந்தார். போகச் சொல்லி அவர் இன்னொரு தடவை சொல்லியிருந்தால் போயிருப்பாள். அதட்டியிருந்தால் ஓடியே போயிருப்பாள். ஆனால் கங்காணிமாருக்கு வேலைக்கு அதட்டத்தான் தெரியும்.

பதினொரு மணிக்கு மேல் அழுகையே கேட்கவில்லை.

பகல் சாப்பாட்டுக்குச் சங்கு ஊதியதும் கூடையைப் போட்டுவிட்டு ஓடினாள். லக்சனா பாயில் கிடந்தாள். முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. டீச்சர் அவள் நெற்றியைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"காய்ச்சல் இல்லக்கா, ரெண்டு தரம் தொட்டுப் பாத்தேன். சின்னதா அழுதா, அப்புறம் தானா ஓஞ்சு படுத்துட்டா. நான் பக்கத்துலதான் இருந்தேன்."

யோகராணி தூக்கியதும் பிள்ளை பச்சையாக வாந்தி எடுத்தாள். ஜட்டியை இறக்கிப் பார்த்தால் ரத்தமும் சளியுமாக இருந்தது. டீச்சர் வாயில் கையை வைத்துக்கொண்டு சுவரோடு ஒட்டி நின்றாள்.

கொழுந்து லொறியில் நுவரெலியாவுக்கு, அங்கிருந்து அம்புலன்ஸில் கண்டிக்கு. குடலுக்குள் குடல் சொருகிக்கொண்டது என்றார்கள். வலி விட்டு விட்டு வரும், வரும்போது பிள்ளை துடிக்கும், விட்டதும் அசந்துவிடும் என்றார்கள். டாக்டர் சிங்களத்தில் கேட்டதை ஒரு தாதி தமிழில் திருப்பிக் கேட்டாள்: "எப்ப இருந்து அழுவுறா?"

"அவ எப்பவும் அழுவுறவதாங்க" என்றாள் யோகராணி.

அறுவைச் சிகிச்சை செய்தார்கள். மறுநாள் மத்தியானம் எல்லாம் முடிந்துவிட்டது.

சாவு வீட்டுக்கு டீச்சர் வந்தபோது லயத்துச் சனங்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள், யாரும் முகம் கொடுக்கவில்லை. அவள் யோகராணியின் காலடியில் உட்கார்ந்து, "நான்தான் வர வேணாம்னு சொன்னேன்" என்று தேம்பினாள். கொழும்பிலிருந்து வந்திருந்த சின்னராசா பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்து வெளியே போனான்.

யோகராணி அழுது தீர்ந்த குரலில் சொன்னாள்: "நீங்க தொட்டுப் பாத்தீங்க டீச்சர். உங்களுக்குத் தெரியல. எனக்குக் கேட்டுச்சு."

பதினாறாம் நாள் காரியம் முடிந்து அவள் மலைக்குத் திரும்பினாள். தேயிலை யாருக்காகவும் துளிர்க்காமல் இருப்பதில்லை. ஒன்றரை மாதம் போயிருக்கும். பழையபடி அதே மலைக்கு முறை வந்தது. பத்து மணிக்கு முன்னால் பிள்ளைக் காம்பராவில் ஏதோ ஒரு பிள்ளை வீரிட்டது. யோகராணி கூடையை இறக்கி நிரையில் வைத்தாள். கங்காணியைப் பார்த்தாள். அவர் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார்.

அவள் இறங்கிப் போய் பிள்ளைக் காம்பராவின் படியில் உட்கார்ந்தாள். உள்ளே போகவில்லை. டீச்சர் அவளைக் கண்டுவிட்டுக் கதவை அகலத் திறந்துவைத்தாள். உள்ளே ஒரு பயல் நீலக் கோப்பைக்காகத் தரையில் உருண்டுகொண்டிருந்தான். யோகராணி கண்ணை மூடிக் கேட்டாள்.

அழுகை உச்சத்துக்குப் போனது. இரண்டு மூச்சு நின்றது.

அவள் எழுந்து, இடுப்பில் சுற்றியிருந்த படங்குத் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, மலை ஏறத் தொடங்கினாள். பின்னால் பிள்ளை முன்னைவிடச் சத்தமாக அழுதது.